கூட்டுறவு வங்கியின் உரிமம் ரத்தானால்: டெபாசிட் பணத்தைத் திரும்பப் பெறும் வழி

உங்கள் கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி ரத்து செய்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெபாசிட்தாரருக்கு, ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அது அரசு பார்த்துப் போடும் நிவாரணம் இல்லை, சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பணம். 2020 பிப்ரவரி 4 முதல் இதுதான் வரம்பு. அதற்கு முன்பு 1 லட்சம்.

மும்பையில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்தில், மாமனாரின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி இப்படி மூடப்பட்ட ஒரு வங்கியில் இருந்தது. வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. பணத்தை வாங்க அலைந்தபோது கூடவே நின்றவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். யாரிடம் போவது, எந்தப் படிவம், எந்தத் தேதி என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தார்கள். பணம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. லிக்விடேட்டர், அதாவது வங்கியைக் கலைத்துக் கணக்கு முடிக்க நியமிக்கப்படும் அதிகாரி, தயாரிக்கும் பட்டியலில் உங்கள் பெயர், கணக்கு, தொகை, வேறு வங்கிக் கணக்கு எண் எல்லாம் பிழையில்லாமல் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறியிருந்தால் பணம் வந்துவிடும். இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவார்கள். கீழே இருக்கும் படிகள் எல்லாமே அந்தப் பட்டியலில் உங்கள் விவரத்தைச் சரியாக ஏற்றுவதற்காகத்தான்.

1. வந்திருக்கும் உத்தரவு எது என்று பாருங்கள்

இரண்டு விதமான உத்தரவுகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 35ஏ பிரிவின் கீழ் வரும் கட்டுப்பாடு. வங்கி மூடப்படவில்லை, ஆனால் முடக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிய கடன் கொடுக்க முடியாது, புதிய டெபாசிட் வாங்க முடியாது, நீங்கள் எடுக்கும் பணத்துக்கும் உச்சவரம்பு இருக்கும். 2019 செப்டம்பரில் பிஎம்சி (பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கிக்கு இப்படித்தான் நடந்தது. ஒரு கணக்குக்கு முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள், அப்புறம் படிப்படியாக உயர்த்தினார்கள். இந்த நிலையில் இருக்கும் வங்கி வேறொரு வங்கியுடன் இணையவும் வாய்ப்புண்டு. பிஎம்சி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைந்தது.

இரண்டாவது, உரிமம் ரத்து. போதிய மூலதனம் இல்லை, வருமானம் ஈட்டும் வாய்ப்பும் இல்லை, வங்கி தொடர்ந்து நடப்பது டெபாசிட்தாரர்களுக்கே கேடு என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்யும்போது வருவது இது. பத்திரிகைக் குறிப்பில் "இன்ன தேதி அலுவல் முடிந்ததிலிருந்து" என்று இருக்கும். அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வட்டிக் கணக்கு அதை வைத்துத்தான் வரும். அந்த நிமிடம் முதல் வங்கி டெபாசிட் வாங்கவும் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. மேலாளர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கவுண்டரில் பணம் தர அவருக்கு அதிகாரமில்லை. அவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை.

அதே உத்தரவில், வங்கியைக் கலைத்து லிக்விடேட்டரை நியமிக்கும்படி மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரை ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் வங்கி என்றால் டெல்லியில் இருக்கும் மத்தியப் பதிவாளர். இனி உங்களுக்கு வங்கி என்றால் அந்த லிக்விடேட்டர்தான்.

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பத்திரிகைக் குறிப்புப் பகுதிக்குப் போய் அந்த உத்தரவை இறக்கி, ஒரு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் படத்தை நம்ப வேண்டாம்.

2. உங்கள் நிறுவனத்துக்குக் காப்பீடு உண்டா என்று உறுதி செய்யுங்கள்

காப்பீடு தருவது டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம். சுருக்கமாக டிஐசிஜிசி. ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான நிறுவனம், மும்பையில் இருக்கிறது. பிரீமியத்தை வங்கிதான் கட்டும். உங்களிடமிருந்து யாரும் பிடிக்கக் கூடாது. காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் டிஐசிஜிசி இணையதளத்தில் இருக்கிறது.

நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கிடையாது. மகாராஷ்டிராவில் பத்சன்ஸ்தா என்பார்கள். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் எல்லாம் இந்த வகை. "கூட்டுறவு" என்ற சொல் பலகையில் இருப்பதால் மட்டும் காப்பீடு வந்துவிடாது. சில சங்கங்கள் தங்கள் பெயரில் "வங்கி" என்று சேர்த்துக்கொள்வதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. நிதி நிறுவனங்களில் போட்ட பணத்துக்கும் இந்தக் காப்பீடு பொருந்தாது. உங்கள் பணம் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் இந்த வழிகாட்டி உதவாது. நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்கும் காவல்துறைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கும்தான் போக வேண்டும்.

3. உங்களுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லிக்விடேட்டர் அலுவலகத்தில் தவறு நடந்தால் கண்டுபிடிக்க உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

ஒரே பெயரில், ஒரே தகுதியில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் கூட்டிவிடுவார்கள். சேமிப்புக் கணக்கு, எஃப்டி, ஆர்டி, நடப்புக் கணக்கு எல்லாம் சேர்த்து ஒரே 5 லட்சம்தான். தாதர் கிளையில் ஒன்று, தானே கிளையில் ஒன்று என்று பிரித்திருந்தாலும் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள். வேறு வங்கியில் இருப்பது தனி, அதற்குத் தனி 5 லட்சம்.

தகுதி மாறினால் வரம்பும் தனித்தனி. ஒருவர் தன் பெயரில் மட்டும் வைத்திருப்பது ஒன்று, மனைவியோடு கூட்டாக வைத்திருப்பது இன்னொன்று, சிறுவயது மகளுக்குக் காப்பாளராக வைத்திருப்பது மற்றொன்று. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசைகூட முக்கியம். முருகன்-லட்சுமி என்று ஒரு கணக்கு, லட்சுமி-முருகன் என்று ஒரு கணக்கு இருந்தால் இரண்டும் வெவ்வேறு தகுதி. இதைப் பல பேர் அறியாமல் இரண்டையும் கூட்டி "5 லட்சத்துக்கு மேல் போய்விட்டதே" என்று வருந்துகிறார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். முருகன் பெயரில் மட்டும் எஃப்டி 3,80,000, சேமிப்பில் 40,000. முருகன்-லட்சுமி பெயரில் 4,50,000. லட்சுமி-முருகன் பெயரில் 5,60,000. முதல் தகுதியில் 4,20,000 முழுதாக வரும். இரண்டாவதில் 4,50,000 முழுதாக வரும். மூன்றாவதில் 5,00,000 வரும், 60,000 நிற்கும். மொத்தம் 14 லட்சத்து 30 ஆயிரம் இருந்தாலும் வெளியே நிற்பது 60,000 மட்டும்தான்.

ஒருவர் தனியாக நடத்தும் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு இருந்தால், அது அவருடைய சொந்தக் கணக்கோடுதான் சேரும். கூட்டாண்மை நிறுவனத்தின் கணக்கு தனி.

வட்டியை உரிமம் ரத்தான தேதி வரை சேர்ப்பார்கள். அசல் 4,95,000, வட்டி 4,000 என்றால் 4,99,000 முழுதாக வரும். அசலே 5,00,000 என்றால் வட்டிக்கு இடமில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு எஃப்டி ரசீதில் என்ன விகிதம் போட்டிருந்தாலும் காப்பீட்டில் ஒரு ரூபாய் வட்டி சேராது.

அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால், முதலில் டெபாசிட்டிலிருந்து கடனைக் கழிப்பார்கள், அதற்குப் பிறகுதான் 5 லட்ச வரம்பைப் பார்ப்பார்கள். டெபாசிட் 7 லட்சம், கடன் 3 லட்சம் என்றால் மிச்சம் 4 லட்சம், அது முழுதாக வர வேண்டும். "5 லட்சத்தில் 3 போக 2தான்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கும்போது பங்கு வாங்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பங்குத்தொகை டெபாசிட் இல்லை, அதற்குக் காப்பீடு இல்லை.

முடக்கம் வந்த பிறகு ஒரு பெரிய டெபாசிட்டை நான்கு பெயர்களில் பிரித்து எழுதித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அது செல்லாது. அதற்குக் காசும் வாங்குவார்கள். கிட்டவே சேர்க்காதீர்கள்.

4. முன்பே முடக்கத்தில் பணம் வாங்கியிருந்தால்

2021 செப்டம்பர் 1 முதல் ஒரு நல்ல மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. டிஐசிஜிசி சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி, வங்கி முடக்கப்பட்டவுடனேயே, உரிமம் ரத்தாகும் வரை காத்திருக்காமல், 90 நாளில் காப்பீட்டுப் பணம் தர வேண்டும். முதல் 45 நாளில் வங்கி பட்டியல் கொடுக்க வேண்டும், அடுத்த 30 நாளில் டிஐசிஜிசி சரிபார்க்கும், அடுத்த 15 நாளில் பணம். இணைப்புப் பேச்சு நடந்தால் இன்னொரு 90 நாள் தள்ளிப் போகலாம். ஆனால் இது தானாக வராது. "எனக்குக் காப்பீட்டுப் பணம் வேண்டும்" என்று விருப்ப அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் வரும்.

அப்படி ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, உரிமம் ரத்தாகும்போது இன்னொரு 5 லட்சம் கிடையாது. புனேயில் இருந்த "ரூபாய்" என்ற பெயருடைய கூட்டுறவு வங்கியின் உரிமத்தை 2022 ஆகஸ்டில் ரத்து செய்தபோது, அதற்கு முன்பே 18ஏ பிரிவின் கீழ் 700.44 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருந்தது. முன்பு படிவம் தராமல் விட்டவர்கள் ரத்துக்குப் பிறகு லிக்விடேட்டர் வழியாகக் கேட்கலாம். விட்டுப்போனது என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

5. முதல் வாரத்தில் வேறு பணப் போக்குவரத்தை மாற்றுங்கள்

டெபாசிட் கவலையில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு இனி செத்த கணக்கு. நீங்கள் கொடுத்த காசோலைகள் திரும்பும். வாங்கியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வேறு வழியில் பணம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வீண் வழக்கு வரும். ஓய்வூதியம், சம்பளம், வாடகை, எரிவாயு மானியம் எந்தக் கணக்குக்கு வருகின்றன என்று பாருங்கள். மானியம் ஆதார் இணைத்த கணக்குக்குப் போகிறது. புதிய வங்கியில் ஆதார் இணைப்பு விண்ணப்பம் கொடுத்தால் மாறிவிடும். கடன் தவணை, எல்ஐசி பிரீமியம் எதாவது தானாகப் பிடித்தம் ஆகிறதா என்றும் பாருங்கள். ஒரு மாதம் தவறினால் அபராதம் உங்கள் தலையில்.

வேறு வங்கியில் கணக்கே இல்லாதவர்கள் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். காப்பீட்டுப் பணம் அங்கேதான் வரும். பழைய வங்கிக் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே புதிய கணக்கிலும் இருந்தால் நல்லது. கூட்டு டெபாசிட்டுக்கு எந்தக் கணக்கில் பணம் போடுவார்கள் என்று லிக்விடேட்டர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதே பெயர்களில் கூட்டுக் கணக்கு இருந்தால் கேள்வியே எழாது.

6. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

படிவம் எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், கோப்பு தயாராக இருக்கட்டும். பெரும்பாலும் கேட்பவை இவை:

- எஃப்டி ரசீதுகளின் அசல், பாஸ்புக் அசல்
- பான் அட்டை, ஆதார் அட்டை நகல்கள், கூட்டுக் கணக்கு என்றால் எல்லோருடையதும்
- பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள்
- பணம் வர வேண்டிய வேறு வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, ஐஎஃப்எஸ்சி குறியீட்டோடு
- வங்கியில் பதிவு செய்த கைபேசி எண், முகவரிச் சான்று

இதில் அதிகம் சிக்குவது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனித் தலைவலி. வங்கியில் "எஸ். முருகன்" என்றிருக்கும். பானில் "முருகன் சுப்பிரமணியன்", ஆதாரில் "சுப்பிரமணியன் முருகன்". மும்பை, புனே வங்கிகள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்து இன்னொரு விதமாகப் போட்டிருக்கும். இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் நோட்டரி முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு ஓடுவதைவிட இது மேல். கையெழுத்தும் அப்படித்தான். இருபது வருடத்துக்கு முன் கணக்கு தொடங்கியபோது போட்ட கையெழுத்தும் இப்போது கை நடுங்கிப் போடுவதும் பொருந்தாது. வயதானவர்களை நேரில் அழைத்துப் போய், அடையாள அட்டையோடு அலுவலர் முன்னிலையில் கையெழுத்து போட வைப்பதுதான் வழி. நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எஃப்டி ரசீது தொலைந்திருந்தால் காவல்நிலையத்தில் தொலைந்ததாகப் புகார் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். கூடவே, பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் நானே பொறுப்பு என்று எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். வங்கி உங்கள் வட்டிக்கு வரி பிடித்திருந்தால், வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் அது வருடவாரியாக இருக்கும். அந்த வங்கியில் உங்களுக்கு டெபாசிட் இருந்தது என்பதற்கு அது வலுவான துணை ஆதாரம். வங்கியின் கணினிப் பதிவுகளே குளறுபடியாக இருக்கும் இடங்களில் இது கைகொடுக்கும்.

கைபேசிச் செயலியோ இணைய வங்கியோ இன்னும் வேலை செய்தால், அன்றே எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் இறக்கிவிடுங்கள். அது எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

7. லிக்விடேட்டரிடம் கோரிக்கையைக் கொடுங்கள்

டிஐசிஜிசி டெபாசிட்தாரரிடம் நேரடியாகப் படிவம் வாங்குவதில்லை. அங்கே விண்ணப்பம் அனுப்பி, பதில் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. லிக்விடேட்டர்தான் பட்டியல் தயாரித்து அனுப்புவார். பணமும் அவர் வழியாகத்தான் உங்கள் கணக்குக்கு வரும்.

லிக்விடேட்டர் நியமன அறிவிப்பு உள்ளூர் செய்தித்தாளில் வரும், வங்கிக் கிளை வாசலில் ஒட்டுவார்கள். மகாராஷ்டிராவில் அது மராத்தியில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்து முழுதும் படியுங்கள். கடைசித் தேதி, எந்தக் கிளையில் கொடுப்பது, எந்த நாளில் எந்தக் கணக்கு எண்கள் என்று உள்ளே இருக்கும்.

படிவம் கொடுக்கும்போது மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு தகுதிக்கும் தனிப் படிவம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் எழுதினால், பட்டியல் போடும் ஊழியர் ஒரே ஆள் என்று கூட்டிவிட வாய்ப்பிருக்கிறது. அப்புறம் அதைப் பிரிப்பது பெரும்பாடு.

அசல் ரசீதைக் கொடுத்தால், ரசீது எண், தொகை, தேதி எழுதிய ஒப்புகை முத்திரையோடு வாங்குங்கள். முன்னும் பின்னும் நகல் எடுத்துவிட்டுத்தான் அசலைக் கையை விட்டு விட வேண்டும். "எல்லோருடையதும் ஒரு பெட்டியில் போடுகிறோம், ஒப்புகை எல்லாம் கிடையாது" என்று சொன்னால், ஸ்பீட் போஸ்டில் நகல்களோடு ஒரு கடிதம் அனுப்பி அந்தத் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் எவ்வளவு தொகை பட்டியலில் ஏற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது படியில் போட்ட கணக்கு அப்போதுதான் பயன்படும். வித்தியாசம் இருந்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பட்டியல் மும்பைக்குப் போன பிறகு திருத்துவது நீண்ட வேலை.

லிக்விடேட்டர் பதில் சொல்லவில்லை என்றால் மேலே புகார் செய்ய வேண்டிய இடம் அவரை நியமித்த பதிவாளர். மகாராஷ்டிரா வங்கி என்றால் புனேயில் இருக்கும் கூட்டுறவு ஆணையர் மற்றும் பதிவாளர் அலுவலகம்.

8. எவ்வளவு காலம் ஆகும்

சட்டம் சொல்வது இது. லிக்விடேட்டர் பொறுப்பேற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பட்டியலை டிஐசிஜிசிக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் கிடைத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் டிஐசிஜிசி பணம் தர வேண்டும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் லிக்விடேட்டர் வந்ததிலிருந்து சுமார் 5 மாதம். கடிகாரம் உரிமம் ரத்தான நாளில் ஓடத் தொடங்குவதில்லை, லிக்விடேட்டர் பொறுப்பேற்ற நாளில்தான். இடையில் ரத்தை எதிர்த்து வங்கி நிர்வாகம் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றம் போனால் இன்னும் தள்ளும். ரூபாய் வங்கியிலேயே உத்தரவு ஆகஸ்டில் வந்தாலும் 2022 செப்டம்பர் 22இல்தான் நடைமுறைக்கு வந்தது, மும்பை உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த அவகாசம் காரணம்.

முதல் பட்டியலில் ஆவணம் முழுமையாக இருப்பவர்கள் போவார்கள். அடையாள, முகவரிச் சான்றுக் (கேஒய்சி) குறைவு, பெயர் பொருத்தமின்மை, வாரிசு தகராறு, ஆளே வராதது எல்லாம் துணைப் பட்டியலில். அது எப்போது போகும் என்பது லிக்விடேட்டரின் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் கோப்பை முன்பே தயார் செய்யச் சொல்கிறேன்.

நிலவரம் பார்க்க டிஐசிஜிசி இணையதளத்தில் "தாவா சூசக்" என்று ஒரு வசதி இருக்கிறது. வங்கியில் பதிவான கைபேசி எண் அதற்குத் தேவை. பழைய எண் கையில் இல்லை என்றால், படிவத்தில் புதிய எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.

அவசர மருத்துவச் செலவு, கல்யாணச் செலவு என்று இந்தப் பணத்தை நம்பியிருந்தால், குறைந்தது அரை வருடத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் "அடுத்த மாதம் வந்துவிடும்" என்று நம்பிக் கந்துவட்டிக்கு வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம்.

9. செலவு

கோரிக்கைக்குக் கட்டணம் எதுவும் இல்லை. லிக்விடேட்டருக்கோ டிஐசிஜிசிக்கோ ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் செலவு ஜெராக்ஸ், புகைப்படம், தபால், நோட்டரி, முத்திரைத்தாள் இவ்வளவுதான். முத்திரைத்தாள் மட்டும் கொஞ்சம் கடிக்கும். மகாராஷ்டிராவில் முன்பு 100 ரூபாய்த் தாளில் முடிந்த பல பத்திரங்களுக்கு 2024 அக்டோபருக்குப் பிறகு 500 ரூபாய்த் தாள் ஆகிவிட்டது. ஆகவே எந்த வாசகத்தில், எத்தனை ரூபாய்த் தாளில் வேண்டும் என்று லிக்விடேட்டர் அலுவலகத்தில் மாதிரி வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் வேதனை தெரிந்து வருபவர்கள் சிலர் உண்டு. "சதவீதம் கொடுத்தால் பட்டியலில் முதலில் ஏற்றுகிறேன்" என்பவர். "5 லட்சத்துக்கு இப்போதே 3 லட்சம் தருகிறேன், ரசீதை என் பெயருக்கு எழுதிக்கொடு" என்பவர். "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் வருபவர். யாருக்கும் இணங்காதீர்கள். ரிசர்வ் வங்கி, டிஐசிஜிசி இரண்டும் ஓடிபி கேட்காது. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அழைப்பு அவர்களுக்குத்தான் வரும்.

10. கணக்குதாரர் இறந்திருந்தால்

நியமனதாரர் பதிவாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், நியமனதாரரின் பான், ஆதார், வங்கி விவரம் போதும். பதிவு இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். தொகை பெரிதாகவோ தகராறோ இருந்தால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கச் சொல்வார்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். எனவே அதற்கான மனுவை உடனே போட்டுவிட்டு, "சான்றிதழ் நிலுவையில்" என்று எழுதிக் கோரிக்கையையும் கொடுத்து வையுங்கள்.

11. கடன், நகை, லாக்கர்

வங்கி மூடினாலும் கடன் மூடாது. தவணையை லிக்விடேட்டர் சொல்லும் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். நகைக்கடனைத் தீர்த்துவிட்டு, நகையை எடைபோட்டுச் சரிபார்த்து வாங்குங்கள். லாக்கரில் இருப்பது உங்கள் பொருள், டெபாசிட் இல்லை. திறந்து எடுக்க நாள் குறிப்பார்கள். சாவி, அடையாள அட்டையோடு இருவராகப் போங்கள்.

12. 5 லட்சத்துக்கு மேல் இருக்கும் பணம்

இங்கே நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. பெரும்பாலான வங்கிகளில் பெரும்பாலோர் 5 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். ரூபாய் வங்கியில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணமும் காப்பீட்டிலேயே வரும் என்றது ரிசர்வ் வங்கி. ஆனால் 2024 ஜூனில் உரிமம் ரத்தான மும்பை சிட்டி கூட்டுறவு வங்கியில் அது சுமார் 87 சதவீதம்தான். மீதிப் பேரில் வீடு விற்ற பணத்தையும் ஓய்வுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைத்தவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த மீதித் தொகைக்கு நீங்கள் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் நிற்பீர்கள். லிக்விடேட்டர் வராக்கடனை வசூலித்து, கட்டடங்களை விற்று வரும் பணத்தில், டிஐசிஜிசி உங்களுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் உங்கள் பங்கு. வருடங்கள் ஆகும், முழுதும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

செய்ய வேண்டியது, 5 லட்சம் வந்த பிறகு கோப்பை மூடாமல் இருப்பது. மீதித் தொகையைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு கோரிக்கைக் கடிதம் லிக்விடேட்டருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பணம் வாங்கும்போது "முழுத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் எங்கேயாவது இருந்தால், "காப்பீட்டுத் தொகை மட்டும்" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து போடுங்கள். முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் எழுதித் தெரிவியுங்கள். டெபாசிட்தாரர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருந்தால் அதில் சேருங்கள்; எந்தச் சொத்து எவ்வளவுக்கு ஏலம் போகிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற தகவலைத் தனி ஆளாகக் கேட்டால் கிடைப்பது அரிது, சங்கமாகக் கேட்டால் பதிவாளர் அலுவலகம் பதில் சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது கலைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு, வரும் பதிலை அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.